நாமக்கல் மேசையும் சென்னை அறையும்

சேந்தமங்கலத்தில் ஜவ்வரிசி ஆலை நடத்துபவர், கொல்லிமலை மிளகையும் காபியையும் வாங்கிப் பாக்கெட் போடுபவர், மரச்செக்கில் எண்ணெய் ஆட்டுபவர் என யாராக இருந்தாலும் தொழில் கொஞ்சம் நிமிர்ந்ததும் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள். மூட்டையில் அச்சடித்த பெயரை வேறொருவன் எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்க யாரைப் பார்ப்பது? ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நாமக்கல்லில் இருக்கும் ஆடிட்டர் அல்லது டிரேட்மார்க் ஏஜென்ட். ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற இடத்திலேயே இதையும் போட்டு முடித்துவிடலாம். இன்னொன்று, ஓர் இரவுப் பயணத்தில் சென்னை. அங்கே டிரேட்மார்க் வழக்குகளையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட வக்கீல்கள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் செலவுதான் பேச்சாகிறது. அரசுக் கட்டணம் இரண்டு இடத்திலும் ஒன்றே. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 9,000. சிறு தொழில் என்பதற்கு உத்யம் சான்றிதழ் காட்டினால் போதும். மாறுவது ஆளின் கட்டணம் மட்டுமே. அதைக் கொண்டு முடிவெடுப்பது தவறு என்பதே என் கட்சி. ஒரு பெயருக்கு ஆபத்து வரும் இடங்கள் நான்கைந்து. அவற்றில் எந்த இடத்தில் யாருடைய கை பலம் என்று பார்த்தால் முடிவு வேறு மாதிரி வரும்.

முதலில் சட்டம் யாரை அனுமதிக்கிறது என்று பார்ப்போம். 1999ஆம் ஆண்டு வணிகச்சின்னச் (டிரேட்மார்க்) சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி, உரிமையாளருக்காக வணிகச்சின்னப் பதிவகத்தில் செயல்படக்கூடியவர்கள் மூன்று வகை: வக்கீல், பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட், உரிமையாளரிடமே முழுநேர வேலையில் இருப்பவர். ஆடிட்டர் என்ற தகுதி இந்தப் பட்டியலில் இல்லை. அவர் தனியாக ஏஜென்டாகப் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையாளர் தானே போட்டதுபோல விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பிறகு வரும் நோட்டீசுக்குச் சட்டப்படி பதில் சொல்லும் ஆள் யாரும் இல்லை. நாமக்கல் மேசைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்கள் ஏஜென்ட் பதிவு எண் என்ன?" என்பதுதான். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பதிவு பெற்ற ஏஜென்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பதிவகத்தில் எல்லாம் செய்யலாம், நீதிமன்றத்தில் வாதாட முடியாது. பதிவாளர் விண்ணப்பத்தை மறுத்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. முன்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் இருந்தது. 2021இல் அது கலைக்கப்பட்டபின் அந்த வேலை உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 ஏப்ரல் முதல் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே தினமும் நிற்கிற வக்கீலுக்கும், வருடத்தில் ஒரு டிரேட்மார்க் கோப்பைத் தொடுகிறவருக்கும் உள்ள வேறுபாடு மேல்முறையீட்டில் தெரிந்துவிடும்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் சென்னை அறைதான் மேல். நம் பக்கத்துப் பெயர்களைக் கவனித்தால் காரணம் புரியும். ஒரு பாதி ஊர்ப்பெயர், மலைப்பெயர். மறுபாதி சாமி பெயர். இரண்டுமே சட்டத்துக்கு முன்னால் பலவீனமானவை. ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லும் பெயரை ஒருவருக்குச் சொந்தமாக்க 9ஆம் பிரிவு தடுக்கிறது. சிகரெட்டுக்கு 'சிம்லா' என்று பெயர் வைத்துப் பதிய முயன்ற இம்பீரியல் டொபாக்கோ போன்ற பெரிய நிறுவனமே 1977இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தோற்றது. சிம்லாவில் புகையிலை விளைவதில்லை. அப்படியும் புகழ்பெற்ற ஊரின் பெயரை ஒருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் இணங்கவில்லை. மிளகும் காபியும் உண்மையிலேயே விளைகிற கொல்லிமலையின் பெயரை ஒரு மிளகுப் பாக்கெட்டுக்கு மட்டும் உரிமையாக்கிக் கொடுப்பது அதைவிடக் கடினம். சாமி பெயர் விஷயத்தில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவில் இருக்க வேண்டும். ஊதுவத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைக் கேட்ட வழக்கு அது. புனித நூலின் பெயரைத் தனக்கு மட்டும் உரியதென்று யாரும் கோர முடியாது என்று தீர்ந்தது. நாமக்கல் ஆஞ்சநேயர் மீது பக்தி கொண்டு அவர் பெயரையும் படத்தையும் லேபிளில் போடுபவரின் மனதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பெயரை அடுத்த தெருக்காரரும் போடுவார், தடுக்க வழியிருக்காது என்பதை அச்சடிப்பதற்கு முன்பே யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

நாமக்கல் மேசையில் இதைச் சொல்லும் வழக்கம் குறைவு. வருகிறவர் பெயரோடு வருகிறார். அந்தப் பெயரைப் போட்டுக்கொடுப்பதே வேலை. விண்ணப்ப எண் கிடைத்ததும் பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு எழுத்தைப் போட விண்ணப்பமே தேவையில்லை. பதிவு முடிந்த பிறகு மட்டும் போடக்கூடியது வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்'. முன்கூட்டிப் போட்டால் சட்டப்படி குற்றம்.

விண்ணப்பம் போடும் கட்டத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. விண்ணப்பத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு: இந்தப் பெயர் எப்போதிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது? தேதி எழுதினால் அதற்கு ஆதாரம் சேர்த்துப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று குறித்தால் ஒன்றும் வேண்டாம். வேலை சுலபமாக முடியட்டும் என்று பலர் இரண்டாவதைக் குறித்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, 1998 முதல் ஒரே பெயரில் சாக்கு அச்சடித்து வரும் ஆலைக்காரர், தன் கையாலேயே இத்தனை வருடத்தையும் அழித்ததற்குச் சமம் இது. பயன்பாட்டுத் தேதியை மாற்றுவது பெரிய திருத்தமாகக் கருதப்படும். பின்னால் அதற்கு அனுமதி கிடைப்பது கடினம்.

அந்தத் தேதி எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாவை எல்லோருக்கும் தெரியும். 1900 முதல் நடந்துவரும் கடை என்பது அவர்கள் தரப்பு. அந்தப் பெயர் பதிவும் ஆகியிருந்தது. வேறொருவர் முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்து 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று தானும் ஒரு பதிவு வாங்கிவிட்டார். இரண்டு பக்கமும் பதிவுச் சான்றிதழ்! ஒரு பதிவுக்காரர் இன்னொரு பதிவுக்காரர் மேல் அத்துமீறல் என்று வழக்குப் போட முடியாது என்பது சட்டத்தின் 28ஆம் பிரிவு. அப்படியானால் எதை வைத்துத் தீர்ப்பது? சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, பதிவைவிட முந்தைய பயன்பாடே மேலான உரிமை என்று தீர்ந்தது. யார் முதலில் அந்தப் பெயரில் விற்றார் என்பதற்கான சான்று வென்றது.

அந்தச் சான்று எங்கே இருக்கும்? சென்னையில் இருக்காது. ஆலைக்காரரின் பழைய விற்பனைப் பில், சாக்கு அச்சடித்த பிரஸ்காரரின் ரசீது, விற்பனை வரிக் காலத்துக் கணக்கு, லாரி சரக்கு ரசீது, உணவுப் பாதுகாப்பு உரிமம், திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம் என எல்லாம் சேந்தமங்கலத்து அலமாரியிலும் நாமக்கல் ஆடிட்டரின் பரணிலும் இருக்கும். எந்த வருடம் கூட்டாளி பிரிந்தார், எந்த வருடம் தனி உடைமை பங்குதாரர் நிறுவனமாக மாறியது, அப்போது பெயர் யாருக்குப் போனது என்பதும் கணக்குப் பார்த்த அவருக்குத்தான் தெரியும். சென்னை வக்கீல் இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அவர் அனுப்பும் பட்டியலைப் பார்த்து 'கிடைத்ததை' அனுப்புகிறார்கள். ஐந்து வருடத்துப் பில் போகிறது, இருபது வருடத்துச் சான்று பரணிலேயே தங்கிவிடுகிறது. பக்கத்து ஆளின் பெருமை இங்கேதான். இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் நாமக்கல் ஆடிட்டரை, கோப்பைத் தொடாமல் கடிதம் மட்டும் எழுதும் சென்னை அலுவலகத்துக்கு மேலாகவே நான் வைப்பேன்.

எந்தப் பொருளுக்கு என்று எழுதுவதில் மறுபடி சென்னை அறை முந்துகிறது. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டவை. ஜவ்வரிசியும் காபியும் மிளகும் 30ஆம் வகுப்பில் வரும். முட்டையும் பாலும் சமையல் எண்ணெயும் 29ஆம் வகுப்பில். வகுப்பு எண்ணோடு, அதற்குள் எந்தெந்தப் பொருள் என்று எழுதும் வரிதான் பின்னால் வழக்கின் எல்லையாகிறது. இருட்டுக்கடை வழக்குக்குப் பக்கத்தில் நந்தினி வழக்கை வைத்துப் பார்க்கலாம். கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் விற்கிறது. பெங்களூருவின் 'நந்தினி டீலக்ஸ்' உணவகம் 1989இல் தொடங்கியது. உணவகத்தார் தங்கள் பெயரை உணவுப் பொருள்களுக்குப் பதியக் கேட்டபோது கூட்டமைப்பு எதிர்த்தது. துணைப் பதிவாளர் அனுமதித்தார். முன்பு சொன்ன மேல்முறையீட்டு வாரியம் 2011இல் அதை ரத்து செய்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் ரத்தையே உறுதி செய்தது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வகுப்பு ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு, வாங்குபவர் குழம்பமாட்டார் என்றது. ஆனால் பாலும் பால் பொருள்களும் உணவகத்தாருக்குக் கிடையாது என்று வரம்பு கட்டியது. இத்தனை வருடப் போராட்டமும் கடைசியில் ஒரு பொருள் பட்டியலில் எது இருக்கலாம், எது கூடாது என்பதில் வந்து நின்றது. முதல் நாளே அந்த வரியை நிதானமாக எழுதக்கூடியவர், இப்படிப்பட்ட வழக்குகளைப் படித்தவராக இருக்க வேண்டும்.

விண்ணப்பம் போனபின் வரும் காலத்தைத்தான் நம் ஊர்த் தொழில்காரர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆய்வறிக்கை வந்தால் 30 நாளில் பதில். பதில் இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். அந்தக் கட்டம் தாண்டினால் வணிகச்சின்ன இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு மனு கிடைத்த இரண்டு மாதத்தில் எதிருரை போடாவிட்டால் கதை முடிந்தது. சட்டமே விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளும். நோட்டீஸ் மின்னஞ்சலில் வரும். அனுப்பிய நேரத்திலேயே சேர்ந்ததாகக் கணக்கு. விண்ணப்பத்தில் ஏஜென்டின் மின்னஞ்சல் மட்டும் இருந்து, அவர் பார்க்காமல் விட்டால், ஆலைக்காரருக்குச் செய்தி தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். நாமக்கல் மேசையில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு இதுதான். காரணம் அவர்களின் சோம்பல் என்று சொல்லமாட்டேன். வருமான வரி, ஜிஎஸ்டி, தணிக்கை என்று கெடு தேதிகளுக்குள் வாழ்பவர்கள் அவர்கள். டிரேட்மார்க் கெடு அந்த நாட்காட்டியில் இல்லை. சென்னையில் இதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்து தேதி பார்ப்பார். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பதிவக விசாரணைகள் இப்போது காணொளியில் நடக்கின்றன. சென்னை ஆள் வேண்டும் என்பதற்கு இனி பதிவகம் இருக்கும் கிண்டிக்கு அருகில் இருப்பது காரணமாகாது. அனுபவம் மட்டுமே காரணம். சேலத்திலோ கோவையிலோ அந்த அனுபவம் உள்ளவர் கிடைத்தால் அவரும் அதே வரிசைதான்.

வழக்கு என்று வந்துவிட்டால்? இங்கே பலரும் அறியாத ஒரு வேறுபாடு பதிவான பெயருக்கும் பதிவாகாத பெயருக்கும் இருக்கிறது. நம் ஜவ்வரிசியின் பெரிய சந்தை மகாராஷ்டிரமும் வடக்கும். இந்தூரில் ஒருவன் அதே பெயரில் மூட்டை போட்டு விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயர் பதிவாகியிருந்தால், 134ஆம் பிரிவின்படி உரிமையாளர் தான் தொழில் செய்யும் இடத்து மாவட்ட நிலை நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். இந்தூர்க்காரர்தான் இங்கே வர வேண்டும். பதிவாகாத பெயருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏமாற்று நடந்த இடத்துக்கு, எதிரி இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். ஒரு சிறு ஆலைக்காரரின் பலத்தில் இது பாதி. 4,500 ரூபாய் கட்டிப் பதிவதன் உண்மையான பயன் சுவரில் மாட்டும் சான்றிதழைவிட இதில் அதிகம்.

அப்படி உள்ளூரில் வழக்கு நடக்கும்போது இரண்டு பேரும் வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தின் நடைமுறை, மொழி, சாட்சிகளைக் கூட்டிவருவது எல்லாம் உள்ளூர் சிவில் வக்கீலின் களம். ஆனால் பிராதை எழுதும்போது டிரேட்மார்க் வழக்கு ஒரு வணிக வழக்கு என்பதை அவர் மறந்தால் ஆபத்து. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின்படி, அவசர இடைக்காலத் தடை கேட்காத வழக்குகளில் முதலில் சமரச முயற்சி கட்டாயம். அதைச் செய்யாமல் போட்ட பிராது நிராகரிக்கப்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிராதைச் சென்னையில் எழுதி, வழக்கை இங்கே நடத்துவதுதான் நான் பார்த்தவரை நல்ல ஏற்பாடு.

இந்த ஒப்பீட்டுக்கு வெளியே ஒரு மூன்றாம் பாதை நம் பகுதிக்கு மட்டும் உண்டு. 1943 வாக்கில், உலகப் போரால் கீழை நாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழிலுக்காக 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அச்சங்கம் கேட்டு, 2023இல் 'சேலம் ஜவ்வரிசி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரைத் தனி ஒருவருக்குத் தர மறுக்கும் சட்டம், அதே பெயரை உற்பத்தியாளர் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தரும் வழி இது. அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. ஆலைக்காரர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். இந்த வேலைக்குச் சென்னை வக்கீலுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. சங்கத்தை அணுகினால், நாமக்கல் மேசையிலேயே படிவம் நிரப்பி முடித்துவிடலாம். சொந்தப் பெயருக்கு வணிகச்சின்னம், ஊர்ப் பெருமைக்குப் புவிசார் குறியீடு என்று மூட்டையில் இரண்டும் இருக்கட்டும்.

சரி, அந்தச் சென்னை வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சிலின் 36ஆம் விதி. 2008இல் வந்த திருத்தத்தால் பெயர், முகவரி, தகுதி, துறை போன்றவற்றை இணையதளத்தில் போடலாம், அவ்வளவுதான். ஆகவே இணையத்தில் நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்திக் காட்டும் தளங்களை நம்பக் காரணமே இல்லை. அப்படிப்பட்ட தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 'இத்தனை ரூபாயில் டிரேட்மார்க்' என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களும் இதே ரகம்தான். பக்கத்து ஆளின் ஆதாரமும் அங்கே கிடைக்காது, தூரத்து ஆளின் அனுபவமும் கிடைக்காது.

நம்பகமான தடம் பதிவகத்தின் பொதுத் தளத்திலேயே இருக்கிறது. தன் தொழில் வகுப்பில், தன்னைப் போன்ற பெயர்களைத் தேடினால், ஒவ்வொரு விண்ணப்பத்தின் நிலையும், அதை நடத்தும் ஏஜென்ட் அல்லது வக்கீலின் பெயரும் தெரியும். ஆய்வறிக்கையையும் அதற்கு அவர் எழுதிய பதிலையும் திறந்து படிக்கலாம். ஒரே அச்சுப் பதிலை எல்லாக் கோப்பிலும் ஒட்டியவர் யார், அந்தந்தப் பெயருக்கு வாதம் எழுதியவர் யார் என்பது பத்துக் கோப்பு புரட்டினாலே விளங்கிவிடும். எதிர்ப்பு வந்தும் பதிவாகி நின்ற கோப்புகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால், தேடுகிற ஆள் கிடைத்துவிடுவார். நாமக்கல் ஏஜென்டுக்கும் இதே சோதனையை வைக்கலாம்; நியாயமாக அவரும் சில இடங்களில் தேறிவிடுவார்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி இருக்க வேண்டும். அச்சடிக்கும் முன்னால், பெயர் நிற்குமா என்று சென்னை வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனை; பொருள் பட்டியலையும் அவரையே எழுதச் சொல்வது. ஆதாரம் திரட்டுவதும் பிரமாணப் பத்திரமும் விண்ணப்பமும் நாமக்கல்லில். விண்ணப்பத்தில் உரிமையாளரின் மின்னஞ்சல் கட்டாயம் இருக்க வேண்டும்; விண்ணப்ப எண்ணை வைத்து மாதம் ஒருமுறை நிலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்த பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று ஆய்வறிக்கையில் வந்தாலோ, எதிர்ப்பு மனு வந்தாலோ அன்றே கோப்பைச் சென்னைக்கு மாற்றுவது. கட்டணத்தை ஒரே தொகையாகப் பேசாமல் ஆய்வறிக்கைப் பதில், எதிருரை, சாட்சியம், விசாரணை என்று கட்டம் கட்டமாக எழுதி வாங்கிக்கொள்வது. ஏஜென்டை மாற்றப் படிவமும் புதிய அதிகாரப் பத்திரமும் போதும். ஆனால் அதற்கு முன்னால் போய்ப் பழையவரின் பரணில் இருக்கும் சாக்கு பில்களின் மூலப்பிரதியைக் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.